சூப்பான் மரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் அஸ்தா தன் ரப்பர் சூப்பானை மரத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் சூப்புவதை விடும் குழந்தைகள் சூப்பானை மரத்தில் கட்டி விடைகொடுப்பது வழக்கம். அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கிளையில் கட்டுவதற்கு நான் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடிந்ததும் நேராக ஃபிரெட்ரிக்ஸ்பெர்க் பூங்காவுக்குப் போனேன். நல்ல கிளையாகப் பார்த்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

மரத்தடியில் தோட்டக்காரர் பிரெபென் ஏணி போட்டு, மக்கிப்போன நாடாக்களை வெட்டிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான சூப்பான்கள். சிலவற்றின்மேல் நாரைகளின் எச்சம்.

"இந்த மரத்துக்கு எப்பத்தான் பல்லு முளைக்குமோ. நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து சூப்பிக்கிட்டேதான் இருக்கு" என்றார்.

சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே ஒரு பச்சைச் சூப்பான் தொங்கியது. அதில் அஸ்தா என்று அச்சிட்டிருந்தது. கீழே போன் நம்பர். என் நம்பர். தொலைந்தால் கிடைக்கட்டும் என்று நான்தான் அச்சடிக்கச் சொல்லி வாங்கினேன்.

"அது வியாழக்கிழமை வந்தது" என்றார் பிரெபென். "லெட்டரும் இருக்கு பாரு."

பிளாஸ்டிக் உறைக்குள் அஸ்தாவின் அம்மா மெரெட்டேயின் கையெழுத்து. நாங்கள் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது.

'அன்புள்ள மரமே, நான் பெரிய பெண் ஆகிவிட்டேன். அம்மாவோடும் காஸ்பரோடும் ஆல்போர்க்கில் குடியிருக்கப் போகிறேன். அங்கே எனக்குத் தனி அறை. இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.'

இரண்டு தடவை படித்தேன். காஸ்பர் இப்போது மெரெட்டேயோடு இருக்கிறவன். ஆல்போர்க் ரயிலில் நாலரை மணி நேரம். வீடு மாறுவதென்றால் ஆறு வாரம் முன்னால் எனக்குச் சொல்லியாக வேண்டும், அது சட்டம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காரு தோர்பென். மூஞ்சி வெளுத்துப்போச்சு" என்றார் பிரெபென்.

உட்காரவில்லை. பத்து மணிக்கு மெரெட்டேயும் அஸ்தாவும் வந்தார்கள். அரண்மனைப் பக்கத்துச் சரிவில் அஸ்தா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நான் ஏற்கெனவே குடுத்துட்டேன். உங்கிட்ட சொல்லக் கூடாதாம்."

"இவ்வளவு உசரத்துல எப்படிம்மா கட்டுன?"

"காஸ்பர் தூக்கினான். அவன் உன்னைவிட உசரம்."

மெரெட்டே மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "இன்னைக்குச் சொல்லத்தான் இருந்தேன்" என்றாள்.

"மரத்துக்கு வியாழக்கிழமையே சொல்லிட்ட."

"குழந்தை முன்னாடி வேணாம்."

"சரி. அவ போய் யானையப் பாக்கட்டும்."

பிரெபென் ஏணியிலிருந்து இறங்கி, எதுவும் கேட்காமல் அஸ்தாவைக் கொஞ்ச தூரம் தள்ளி வேலியருகே அழைத்துப்போனார். அந்தப் பக்கம் மிருகக்காட்சிசாலை யானைகள் தெரியும்.

"என் கையெழுத்து இல்லாம நீ அவள வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றேன்.

"கையெழுத்து தேவையில்ல. தகவல் சொன்னா போதும். இப்ப சொல்லிட்டேன்."

"ஆறு வாரம், மெரெட்டே."

"அதுக்கு நீ புகார் குடு. விசாரிக்கட்டும்."

அவள் குரல் உயரவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சாமான் ஏத்துற வேன் எப்ப வருது?"

"நாளைக்குக் காலைல."

நாளை ஞாயிற்றுக்கிழமை. புகார் கொடுக்கிற அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும்.