கடலூர்காரி

பவளம் நெடுஞ்சாலையின் நடுவில் நின்று சிவப்புத் துண்டைச் சுழற்றினாள். பாண்டிச்சேரி பஸ் ஹாரனை அலறவிட்டபடி நேராக வந்தது. அவள் நகரவில்லை. கடைசி நொடியில் பஸ்தான் கிறீச்சிட்டு நின்றது.

"சாவுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"சாவுறதுக்கு இல்ல சார், கடல்ல குளிக்கறதுக்கு. பத்துப் பொம்பளைங்க கீறோம். ஏத்திக்கோங்க."

சாலையோரத்தில் அவர்கள் வந்த வேன் புகைந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தைத் தாண்டியதுமே ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. "மெக்கானிக் வந்து முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்க்கா. சரியானதும் அப்டியே உத்திரமேரூருக்குத் திருப்பிடறேன்" என்று வேன்காரன் மோகன் சொன்னதுதான் தாமதம், நடவுக் கோஷ்டி மொத்தமும் புளிசோற்று மூட்டையைப் பிரித்துவிட்டது.

பவளத்துக்குப் பொறுக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, புருஷன்மாரிடம் மல்லுக்கட்டி இந்த ஒரு நாளை வாங்கியவள் அவள். எல்லாரையும் கடலில் இறக்கி, படகிலும் ஏற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவளும் அவள்தான். ஏரித் தண்ணீர் திறந்தாயிற்று. நாளைக்கு நாற்று பிடுங்க வேண்டும். இன்றைக்கு விட்டால் இன்னொரு முறை எவனும் அனுப்பமாட்டான்.

"உனக்கு இன்னாடி இம்மாம் அவசரம்?" சோற்றுக் கையோடு ஜெயம்மாள் கேட்டாள். கோஷ்டியில் மூத்தவள், வாய் அவளைவிட மூத்தது. "நீ கடலூரு. உனக்குக் கடலு பழைய சோறு. பாக்காத நானே கம்முனு கீறேன்."

கடலூர்ப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த நாள் முதல் ஊருக்கே அவள் கடலூர்காரி. அலை வந்தால் முதுகைக் காட்டணும், காலடி மணல் அரித்தால் பயப்படக்கூடாது என்று வயலில் அவள் சொல்லச் சொல்லத்தான் மற்றவர்களுக்கும் ஆசை முளைத்தது.

"கையக் கழுவிக்கினு ஏறுக்கா!" பவளம் நின்ற பஸ்ஸைக் காட்டினாள்.

"லேடீஸ் ஃப்ரீயா?" என்றாள் ஜெயம்மாள் படிக்கட்டில்.

"அது டவுன் பஸ்ஸும்மா" என்றார் கண்டக்டர். "இங்க மூச்சு விட்டாலே டிக்கெட்டு."

பாண்டிச்சேரியில் வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் கண்ணில் பட்டதும் பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பவளம் மட்டும் அசையாமல் நின்றாள். ஜெயம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு படகுக்காரனைத் தேடி நடந்தாள்.

படகுக்காரன் ஐசக் துடுப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தான். "காத்து ஏறுதுக்கா. என் கூட்டாளி சாப்பிடப் போயிட்டான். கடல் பழக்கம் உள்ளவங்க ஒருத்தர் கூடத் துடுப்பு போட்டாதான் எடுப்பேன். இல்லேன்னா கரையிலயே ஆடிட்டுப் போங்க."

"ஆளு கீது!" ஜெயம்மாள் பவளத்தை முன்னே தள்ளினாள். "எங்க கடலூர்காரி. அலையிலயே பொறந்தவ!"

ஐசக் பவளத்தைப் பார்த்தான். ஒரு தலையாட்டல் போதும், படகு கிளம்பிவிடும். ஜெயம்மாள் அதற்குள் லைஃப் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் அலை ஒன்று ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்தது.

பவளம் விறுவிறுவென்று போய்ப் படகின் மூக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

"உன் கூட்டாளிக்குப் போனைப் போடு தம்பி. அவரு வர்ற வரிக்கும் படகைக் கட்ட வுடமாட்டேன். அவரு வந்தாத்தான் படகு நகரணும். ஆனா மொதல்ல போறது நான்தான்."

"இன்னாடி பேஜாரு பண்றே? உனக்குத் தெரியாத கடலா?"

பவளம் துடுப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஜில்லாதான் கடலூரு. எங்க ஊரு விருத்தாசலத்துக்கும் மேக்கால, முந்திரிக் காட்டுக்குள்ள கீதுக்கா. கடலை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."