நொடிக்கு இருபத்தைந்து படம்

தேவாரம் ஊரில் இருக்கும் சங்கரலிங்கத்தின் ஏலக்காய்க் கடைக்குக் கேமரா மாட்ட வேண்டும் என்று போன் வந்ததும், நான்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். பழனிசெட்டிபட்டியில் கேமரா கடை வைத்திருக்கும் ஏசுதாசன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன்னைய அவமானப்படுத்தி அனுப்புனாகளே, அந்தக் கடைக்கா சொர்ணம்?"

"அதுக்குத்தான் போறேன்ணே."

அது 2008. அதற்கு மூன்று வருஷம் முன்பு நான் அந்தக் கடையில் எடை வாசிப்பவள். மலையில் தோட்டம் வைத்திருக்கும் சம்சாரிகள் ஏலக்காய் விற்க மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். மூட்டை தட்டில் ஏறியதும் சங்கரலிங்கம் பயபக்தியோடு குனிந்து தட்டைத் தொட்டு, "வாசி" என்பார். எலக்ட்ரானிக் தராசின் சிவப்பு எண்ணை நான் சத்தமாகச் சொல்வேன். அவர் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குள் சுமைக்காரர் மூட்டையை இழுத்துவிடுவார். முதல் மூட்டையை ஒன்று என்று எண்ணவே கூடாது. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ண வேண்டும். மூட்டைக்கு மூட்டை இந்தக் கும்பிடு. என்ன பக்தி என்று சம்சாரிகளே மெச்சுவார்கள்.

ஒரு நாள் சுருளிவேல் என்ற சம்சாரி, வீட்டில் போட்ட எடையைவிட இங்கே மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று சத்தம் போட்டார். சங்கரலிங்கம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என்னைக் கைகாட்டினார்.

"இவதான் கொறச்சு வாசிக்கிறா. மிச்சத்த மடியில கட்டிட்டுப் போறா. ஏ புள்ள, முந்தானைய உதறு."

நாற்பது பேர் பார்க்க உதறினேன். ஒரு காய்கூட விழவில்லை. ஆனாலும் ஏலக்காய்க் கள்ளி என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அம்மா கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். நான் ஊரை விட்டுப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, ஏசுதாசன் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

நான் சரியாகத்தான் வாசித்தேன். அப்படியென்றால் நான் வாசித்த நொடியில் தராசு பொய் சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியில் தட்டின் மேல் இருந்தது ஒரே ஒரு கை. அந்தக் கையின் பொய்யைத்தான் என் வாய் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நினைத்து நான் பல்லைக் கடிக்காத நாள் கிடையாது.

அவர் கேமரா கேட்ட காரணமும் எனக்குத் தெரியும். எடையில் சந்தேகப்பட்டுச் சம்சாரிகள் சரக்கைப் போடிச் சந்தைக்குக் கொண்டுபோக ஆரம்பித்திருந்தார்கள். தராசுக்கு மேலே கேமரா இருந்தால் அவர்கள் வாயை அடைத்துவிடலாம்.

கடை வாசலில் என்னைப் பார்த்ததும் சங்கரலிங்கம், "அட, நீயா! மடிய உதறிட்டு உள்ள வா" என்றார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"நொடிக்கு இருபத்தஞ்சு படம் எடுக்கும் மொதலாளி."

"அம்புட்டு எதுக்கு? டிஸ்க்கு ரெண்டு நாள்ல ரொம்பிப் போகும். நொடிக்கு ஒண்ணு போதும். அப்புறம், மூட்ட ஏறுனா கேமராவுக்குத் தெரியிற மாதிரி என்னமோ சென்சார் இருக்காமே, அதையும் மாட்டு. சம்சாரிககிட்டச் சொல்லிக்கிறலாம்."

தட்டுக்கு அடியில் சின்ன சுவிட்ச் ஒன்றை வைத்து, அதன் வயரைக் கேமராவின் முதுகில் சொருகினேன். கேமராவின் முகத்தில் ஒரு பச்சை விளக்கு. அதை நொடிக்கு ஒரு தரம் சிமிட்ட வைத்தேன்.

"லைட்டு சிமிட்டுறப்ப எல்லாம் ஒரு படமா?" என்று கேட்டார்.

"ஆமா மொதலாளி" என்றேன். வெறும் தட்டுக்கு அது உண்மைதான்.

அவர் வெறும் தட்டை ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படத்தைக் காட்டச் சொன்னார். நிற்கிறார், குனிகிறார், கண்ணில் ஒற்றுகிறார். மூன்றே படம்; இடையில் இருந்த அசைவு எதிலும் இல்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

செட்டிங்கில் சாதாரண நேரத்துக்கு அவர் சொன்னபடி 1 என்றுதான் போட்டிருந்தேன். சுவிட்ச் அமுங்கும்போது எத்தனை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் 25 போட்டேன். மூட்டை ஏறுவதற்கு ஐந்து நொடி முன்பிருந்தே சேர்த்துவைக்கவும் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டினேன்.

இருபது நாள் காத்திருந்தேன். கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் நானே பாய்ந்து எடுத்தேன். கடைசியில் சங்கரலிங்கமே கூப்பிட்டார்.

"அந்தச் சுருளிவேல் மறுபடியும் எடை கொறையுதுங்கான். நீ வந்து படத்தப் போட்டுக் காட்டு. அவன் வாய அடச்சுப்புடணும்."

போனபோது வரிசையில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். எதிரே பெரிய டிவி. "எல்லாரும் நல்லாப் பாருங்கய்யா" என்று சங்கரலிங்கமே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார். அன்று காலையில் சுருளிவேலின் மூட்டை ஏறிய பதிவை எடுத்து, ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.

மூட்டை தட்டில் இருக்கிறது. எண் 52.4. சங்கரலிங்கம் கேமராவை நிமிர்ந்து பார்க்கிறார். விளக்குச் சிமிட்டும்வரை பொறுக்கிறார். சிமிட்டியதும் குனிகிறார். கட்டைவிரல் தட்டைத் தொட, மற்ற நான்கு விரலும் மூட்டைக்கு அடியில் போய் நெம்புகின்றன. 51.7. 51.1. 50.8. வாய் "வாசி" என்று அசைகிறது. அடுத்த சிமிட்டலுக்கு முன்பே விரல் கண்ணுக்குப் போகிறது. எண் மறுபடியும் 52.4.

அடுத்த மூட்டையைப் போட்டேன். அதே நிமிர்ந்த பார்வை, அதே விரல்கள். அடுத்தது. அதற்கடுத்தது.

"நிறுத்து புள்ள" என்றார். "நொடிக்கு ஒண்ணுன்னுதான சொன்னேன்?"

"வெறும் தட்டுக்கு ஒண்ணுதான் மொதலாளி. சென்சார் வேணும்னு கேட்டது நீங்கதான."

நான் இன்னும் இரண்டு மூட்டை ஓட்டினேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்துக் கொஞ்சம் பயந்துகொண்டுதான் வந்திருந்தேன். நல்லவேளை, வரவே இல்லை.

சுருளிவேல் எழுந்து என் பக்கம் வந்தார். "தாயி, அன்னைக்கு ஒன்னைய உதறச் சொன்னப்ப நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு வார்த்த கேக்கல." பிறகு சங்கரலிங்கத்திடம் திரும்பினார். "கையக் கட்டிக்கிட்டுச் சொவரோரமா நில்லும்யா. எல்லா மூட்டையும் மறுபடி ஏறட்டும். இந்தப் புள்ளயே வாசிக்கட்டும்."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணில் ஒற்ற விரல் இல்லாமல் நின்றார். சுமைக்காரர் மூட்டையைத் தட்டில் ஏற்றினார். எண் ஓடி, ஐம்பத்திரண்டு புள்ளி நாலில் நின்றது. யாரும் என்னை வாசி என்று சொல்லவில்லை. நானே வாசித்தேன்.

எல்லோரும் "லாபம்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு" என்றேன்.