நாற்பது வருஷத்துப் புது ரப்பர்

பெங் சுவீயின் காரில் ஏறுகிற எவரும் முழங்காலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏறவேண்டும். கதவைத் திறந்துவிட்டால் அது திறந்தபடி நிற்காது. போனவன் ஏதோ மறந்துவிட்டுத் திரும்பி வருவதுபோல மெல்லக் கிளம்பி, பாதி வழியில் வேகம் பிடித்து, இறங்குகிறவரின் காலில் வந்து இடிக்கும். கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு இரும்புப் பட்டை உண்டு. அதை இரண்டு பக்கமும் ரப்பர் புஷ்கள் இறுக்கிப் பிடித்திருந்தால்தான் கதவு நிற்கும். அந்தப் புஷ்கள் தேய்ந்து தூளாகிப் பல காலம் ஆயிற்று. பெங் சுவீயின் மனைவி கெய்க் சிம்மின் கணுக்காலில் அதற்கான தழும்புகள் இருந்தன.

வீடோ பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில், கடலைப் பார்த்த சரிவில். அங்கே நல்ல கதவே நிற்கத் திணறும்.

பெங் சுவீ பினாங்குப் பழங்கார்ச் சங்கத்தின் தலைவர். தலைவர் பதவிக்குப் போட்டியிட வேறு யாரும் வரவில்லை என்பதை அவர் சொல்வதில்லை. எழுபதுகளில் செய்த ஜெர்மன் கார் அது. அதில் ஒரு திருகாணி மாறினாலும் தீட்டுப் பட்டுவிடும் என்பதுபோலப் பேசுவார். வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் ஒரு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அது எந்த ஊரில் செய்ததோ, தலைவருக்குத் தெரியாது.

மகள் லி எர்னின் நிச்சயத்தன்று சம்பந்தியம்மாவை அவளது வீட்டிலிருந்து அழைத்துவரப் பெருமையாக அந்தக் காரைத்தான் எடுத்துப் போனார். வீட்டு வாசலில் அந்த அம்மாள் ஒரு காலைக் கீழே வைத்ததும் கதவு வந்து கவ்வியது. முகம் சுளிக்காமல், "உங்க காருக்கு எங்கள இறக்கிவிட மனசில்ல போலிருக்கே," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போய், அந்தக் குடும்பத்தில் மனுஷரைவிடத் தகரத்துக்குத்தான் மரியாதை என்று உறவுக்காரர்களிடம் சொன்னது சுற்றிச் சுற்றி லி எர்ன் காதுக்கு வந்துவிட்டது.

லி எர்ன் அழவில்லை. அம்மாவிடம் வந்து, "ஒரே ஒரு நாள்மா. கல்யாணத்தன்னிக்கு அவங்க வீட்டு ஆளுங்க நம்மளப் பாத்துச் சிரிக்கக்கூடாது. அப்புறம் நான் பாத்துக்கறேன்," என்றாள்.

வேறு கார் எடுக்கலாம் என்று கெய்க் சிம் பேச்செடுத்தாள். பெங் சுவீ சாப்பாட்டை ஒதுக்கிவைத்தார். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வருவார், இதை வேறு எவன் கையிலும் கொடுக்க முடியாது, அதனால் தானே ஓட்டுவேன் என்றார். பெண்ணைப் பெற்றவர் வீட்டில் நின்று மாப்பிள்ளையை வரவேற்கவேண்டியவர், மாப்பிள்ளைக்கு டிரைவராகி அவரைத் தன் வீட்டுக்கே ஓட்டிவரப்போகிறார். எங்கும் நடக்காத கூத்து. அதில் என்ன தப்பு என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

சங்கடம் அதோடு முடியவில்லை. சீனர் கல்யாண வழக்கப்படி மாப்பிள்ளை தானாகக் கதவைத் திறந்து இறங்கக்கூடாது. பெண் வீட்டு இளவட்டம் ஒருவன் வந்து திறந்து, தட்டில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரண்டு கையாலும் நீட்டவேண்டும். மாப்பிள்ளை பழத்தைத் தொட்டு, அவன் கையில் பணம் வைத்த சிவப்பு அங்பாவ் உறையைக் கொடுத்துவிட்டு இறங்குவார். இந்த வேலைக்கு கெய்க் சிம்மின் அண்ணன் மகன் சீ ஹோங்கை வைத்திருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிற பையன். இரண்டு கையும் தட்டில் இருந்தால் கதவை எதால் பிடிப்பது என்று அவன் கேட்டான்.

கெய்க் சிம் உதிரிச் சாமான் கடையில் விசாரித்து நைலான் புஷ் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். பெங் சுவீ அதை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக். தைவான் சரக்கு. இத மாட்டினா சங்கத்துல என் மூஞ்சில முழிப்பானா ஒருத்தன்?"

"இப்பவும் யார் முழிக்கிறா?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து சங்கத்து நண்பர் ஒருவர் மூலம் ஒரு பொட்டலம் வந்தது. மெழுகுத் தாளில் ஜெர்மன் எழுத்து. கார் பிறந்த காலத்திலேயே தொழிற்சாலையில் செய்து, இதுவரை யாரும் பிரிக்காத அசல் ரப்பர் புஷ்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பெட்டிக்குள்ளேயே இருந்த புதுச் சாமான். பெங் சுவீ அதை மூக்கில் வைத்து மோந்தார். பூ மோந்தால்கூட அவர் முகம் அப்படி மலர்ந்து கெய்க் சிம் பார்த்ததில்லை.

அவள் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. போன சீனப் புத்தாண்டுக்கு வாங்கி அலமாரியில் மறந்துபோன பிஸ்கட் மாதிரி இருந்தது.

"இது காஞ்சு போச்சு," என்றாள்.

"ஒனக்கு ரப்பரப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாது. ரப்பர்னா அமுங்கும்னு மட்டும் தெரியும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை முழுவதும் வேலை நடந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றினார். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியைக் கழற்றும்போது அதன் கிளிப் தெறித்துப் பூந்தொட்டிக்குள் விழுந்தது. அதைத் தேடிக் கொடுத்தது கெய்க் சிம். பட்டையைப் பிடித்திருந்த ஆணியைத் தட்டி எடுத்து, இரண்டு போல்ட்டையும் கழற்றி, பட்டையைக் கதவுக்குள்ளிருந்து வெளியே உருவினார். பழைய புஷ் கறுப்புப் பொடியாகக் கொட்டியது. அசல் புஷ்களை உட்காரவைக்க இடுக்கியில் வைத்து நெருக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கெய்க் சிம் நிமிர்ந்து பார்த்தாள். சரியாக உட்கார்ந்துவிட்ட சத்தம் என்று விளக்கினார் தலைவர்.

எல்லாம் மாட்டி முடித்துக் கதவைத் திறந்தார். நின்றது.

அங்கேதான் ஆரம்பித்தது பெருமை. பக்கத்து வீட்டு ரோஸ்லானைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினார். தபால்காரருக்குக் காட்டினார். சங்கத்து ஆட்கள் மூன்று பேரை வரவழைத்துக் காட்டினார். அவர்கள் ஆளுக்கொரு முறை திறந்து மூடி, தலையை ஆட்டி, இதுதான் அசல் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பெரிய மனிதர்கள் நாலு பேர் ஒரு கதவைத் திறந்து திறந்து மூடுவதை கெய்க் சிம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இவர்களில் ஒருத்தராவது தன் வீட்டில் மனைவிக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருப்பாரா என்று நினைத்தாள்.

அவர்கள் போனபிறகு கதவுக்குக் கீழே கறுப்புத் துணுக்குகள் கிடந்தன. விரலில் ஒட்டி எடுத்துப்போய் அவர் முன்னால் நீட்டினாள். செருப்பு மண் என்றார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வெய் கியோங்கின் வண்டி வரிசை பட்டாசுச் சத்தத்தோடு சரிவில் ஏறி வந்தது. முதலில் ரிப்பன் கட்டிய கார். ஸ்டியரிங்கில் பெங் சுவீ, கப்பல் தலைவனைப்போல. பின்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா, நண்பர்கள், உறவுக்காரர்கள். மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் லி எர்ன் நிற்பது கெய்க் சிம்முக்குத் தெரியும்.

சீ ஹோங் கதவைத் திறந்தான். நின்றது. கையை எடுத்துத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தான். கதவுக்குள் ஏதோ மளுக்கென்றது. கதவு கிளம்பிவிட்டது. தட்டில் இடித்து, ஒரு ஆரஞ்சைச் சரிவில் உருட்டிவிட்டு, வெளியே நீட்டிய காலை மாப்பிள்ளை இழுத்துக்கொள்ள, அவரை உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டது.

பட்டாசும் அப்போது பார்த்து ஓய்ந்திருந்தது. பின்வண்டியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தம்பி, நீ தெறந்த விதம் தப்பு," என்று உள்ளேயிருந்தே சொன்னார் பெங் சுவீ.

கெய்க் சிம் வாசலிலிருந்து நிதானமாக நடந்து ஓட்டுநர் பக்கம் போனாள். வரவேற்கிறவள்போல முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு ஜன்னலில் குனிந்தாள்.

"எறங்குங்க. எறங்கிப்போய் அந்தக் கதவப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

"நானா? நான் பொண்ணோட அப்பா."

"இன்னிக்கு நீங்கதான் ரப்பர். மாட்டேன்னா சொல்லுங்க. எம்பொண்ணு ரோஸ்லான் கார்ல போவா. நீங்க ரிப்பனெல்லாம் கட்டிக்கிட்டுத் தனியா பின்னால வாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே பேரம் பேச எதுவும் இருக்கவில்லை. இறங்கிச் சுற்றிப் போய், கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சமையலறையிலிருந்து வேறு ஆரஞ்சு வந்தது. சீ ஹோங் மறுபடி குனிந்தான். மாப்பிள்ளை பழத்தைத் தொட்டு, அங்பாவ் கொடுத்து, மாமனாருக்கு ஒரு வணக்கமும் வைத்து இறங்கினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அன்று முழுக்க அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டில் கார் நின்றதும், சொல்லாமலே ஓடிவந்து கதவைப் பிடித்தாராம். கூடப் போயிருந்த சீ ஹோங் திரும்பி வந்து அத்தையிடம் சொன்னான். சம்பந்தியம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டாளாம். பெண்ணைப் பெற்றவரே கதவு பிடிக்கிறாரே, இப்படியொரு பணிவை நான் பார்த்ததில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம்.

"மாமா என்ன சொன்னாரு?"

"எங்க குடும்பத்துல இதுதான் வழக்கம்னாரு."

கெய்க் சிம்முக்கு வியப்பே இல்லை. சாக்கடையில் விழுந்தாலும் குளிக்கத்தான் இறங்கினேன் என்கிற மனிதர்.

மாலையில் விருந்து நடக்கிற ஓட்டல் வாசலில் அவளே பார்த்தாள். கார் வந்து நின்றது. பெங் சுவீ விறைப்பாகக் கதவைப் பிடித்து நின்றார். லி எர்ன் நீள அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், காலைப் பற்றிய பயமில்லாமல் இறங்கினாள். கோலாலம்பூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், போகிறபோக்கில் ஒரு அங்பாவை எடுத்து டிரைவர் கையில் வைத்தார். பெங் சுவீ ஒரு கணம் விழித்தார். பிறகு தலை குனிந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விருந்து மேசையில் சங்கத்து ஆட்கள் அசல் ரப்பர் எப்படி உழைத்தது என்று கேட்டார்கள்.

"காலையில அந்தப் பையன் தெறக்கத் தெரியாம தெறந்தது ஒண்ணுதான். அதுக்கப்புறம் நாள் பூரா ஒரு தடவகூட மூடல," என்றார் தலைவர்.

கெய்க் சிம் எதிர் மேசையைப் பார்த்தாள். லி எர்ன் மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அவள் காதருகே ஏதோ சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் ஜெர்மன் ரப்பரின் குணத்தைப் பற்றிய பேச்சு நீண்டது. கெய்க் சிம் அதை அதன்போக்கில் விட்டுவிட்டு, சூப்பு ஆறுவதற்குள் குடிக்கத் தொடங்கினாள்.