தைலத்தில் வாசனை இல்லை

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை. குன்னூரில் ஒரு தைலக் கடை வாசலில், இடைவெளிக்காக வரைந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று ஒட்டுக்கேட்டேன். வாங்கப் போனது ஒரு புட்டி யூகலிப்டஸ் தைலம், கிடைத்தது இது.

முதல் தொடக்கம்: "மலையைப் போர்த்திய மௌனத்தில் மரணம் மெல்ல—"

வேண்டாம். மலை மௌனமாகவே இல்லை. கடைக்காரர் தரணிதரன் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

2

"ஏனுங்க டக்ளஸ், இது தைலமுங்களா, தண்ணீங்களா? ஒரு புட்டியிலயும் வாசமில்லீங்க."

டக்ளஸ் தைலம் காய்ச்சி அனுப்புகிறவர். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "அதே அடுப்புல காய்ச்சினதுதாண்ணா. உங்க மூக்கு அடைச்சிருக்கும்."

"எம் மூக்கு எதுக்குங்க அடைக்குது? தைலத்துலயே குடியிருக்கிற மூக்கு."

இதற்குள் ஏழெட்டுப் புட்டிகளைத் திறந்து முகர்ந்துவிட்டார். வாசலில் நின்ற எனக்கு அந்த நெடியில் கண்ணீர் வழிந்தது. (உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும். கல்லாவின் பின்னால் நின்ற அவர் மனைவி ராஜப்ரியாவுக்கும். மிச்சம் ஒருவர்தான்.)

3

சிக்கல் இதுதான். தைலம் முகர்கிறவனைக் கொரோனா அண்டாது என்று ஊருக்கே சொல்லிவந்தவர் தரணிதரன். பரிசோதனைக்குப் போனால் ஊர் சிரிக்கும். போகாவிட்டால்... அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் படியேறும்போது மூச்சு வாங்கியதை ராஜப்ரியா பார்த்திருக்கிறார்.

முதல் வரைவில் ராஜப்ரியாவைச் சொற்பொழிவாற்ற வைத்தேன்: வாசனை போவது அறிகுறி, தாமதம் ஆபத்து, இன்னும் பல. எல்லாம் சரியான தகவல். தரணிதரன் பதிலுக்குத் தன் போனில் வந்திருந்த வீடியோக்களைக் காட்டினார். ஒரு பக்கம் தீர்ந்தும் அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.*

* அந்நாட்களில் மாவட்டத்தின் தொற்று எண்ணிக்கையை மாலைதோறும் வாசித்து என் பூனைக்குச் சொல்வேன். அது நிதானமாகக் கேட்டுக்கொள்ளும்.

4

இரண்டாம் வரைவில் ராஜப்ரியா கணவரிடம் தகவல் எதுவும் சொல்லவில்லை.

"ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க. டெஸ்ட் எடுக்கோணும். மூக்குல குச்சி உடறாங்களாம். தொணைக்கு வாங்க."

"உனக்கு என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லைன்னு அவங்க சொல்லட்டும்."

"முன்னயே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் டக்ளஸண்ணன்கூட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்களே."

தரணிதரன் ஷட்டரை இறக்கினார். "பயப்படாத. நானே மொதல்ல எடுத்துக்கறேன். பாத்துக்க."

[ராஜப்ரியா சொன்னதைப் பொய் என்று எழுதியிருந்தேன். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். ராஜப்ரியா பயந்துதான் இருந்தார். யாருக்காக என்பதை மட்டும் மாற்றிச் சொன்னார்.]

5

(ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. இனி வருவது கற்பனை. மேலே உள்ளதிலும் பாதி.)

குச்சி முடிந்து வெளியே வந்த தரணிதரனின் விரலில் நர்ஸ் கெஸியா ஒரு கருவியை மாட்டுகிறார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி.

"எனக்கெதுக்குங்க சிஸ்டர்? அவளுக்குப் பாருங்க."

"அவங்களுக்கும் பாப்போம் சார். நீங்க மூச்சுவிடாமப் பேசாதீங்க."

திரையில் எண் ஏறி இறங்குகிறது. நிலைக்கச் சில நொடிகள் ஆகும்.

முடிவு (அ): எண் நன்றாக இருக்கிறது, இருவரும் வீடு திரும்பி—
முடிவு (ஆ): ஊட்டிக்கு ஆம்புலன்ஸ்—

இரண்டையும் பாதியில் விட்டேன். முதலாவதில் உங்களைத் தூங்கவைக்கப் பார்க்கிறேன், இரண்டாவதில் அழவைக்க. எந்த எண் வந்தாலும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எதிரே தரணிதரன் உட்கார்ந்திருக்கிறார். இதற்குமேல் நம்பிக்கையாக எழுத எனக்கு வராது.

எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் ராஜப்ரியா, கெஸியாவின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல், கணவரிடம் ஏதோ சொல்கிறார்.

"கைய ஆட்டாம வைங்க."