பழுப்பு வரிசை

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மாத்திரை அட்டையின் கடைசி வரிசையைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். இருபத்தொரு வெள்ளை மாத்திரைகள் மிஞ்சின. வெட்டியதில் ஏழு பழுப்பு, வெறும் இரும்புச்சத்து. அதைக் குப்பையில் போட்டேன். தெரிந்தேதான் செய்தேன், பொய் சொல்வானேன்.

அட்டை என் அண்ணிக்கு. மாதாமாதம் உதிரம் கொட்டி ஆளே வெளுத்துப்போனதால் டாக்டர் எழுதிக்கொடுத்த கருத்தடை மாத்திரை. போக்கு குறைந்தது. கூடவே அண்ணியும் அடங்கிப்போனாள். தையல் மிஷினில் உட்கார்ந்து ஓயாமல் வாயடிப்பவள், வெள்ளை போடும் நாட்களில் தைக்காமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணமில்லாமல் அழுதாள். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

பழுப்பு போடும் வாரம்தான் வில்லங்கம். விலக்கு வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாள், அண்ணனை வம்புக்கு இழுப்பாள். போன மாதம் அவனிடம் சொன்னாள்: "இந்த ஏழு நாள்தாங்க நான் நானா இருக்கேன். வேற மாத்திரை கேக்கணும். அப்புறம் நாம தனியா போயிடலாம்."

அண்ணன் தலையாட்டினான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் போய்விட்டால் அம்மாவின் வாய்க்கு நான் ஒருத்திதான்.

சாயங்காலம் அட்டையை நீட்டினேன். "கம்பெனிக்காரன் பழுப்ப நிறுத்திட்டான் அண்ணி. இது முடிஞ்சதும் அடுத்த அட்டைய ஆரம்பிச்சிடுங்க."

"அப்ப அந்த ஏழு நாளு?"

"அது இனிமே வராது. நிம்மதிதானே?"

கடைக்காரி சொன்னால் நம்பத்தானே வேண்டும். மூன்று அட்டைகள் முடிந்தன. தனிவீட்டுப் பேச்சு அதற்குப் பிறகு எழவேயில்லை.

நான்காவது அட்டையைக் கொடுத்தபோது, அதன் ஓரத்தை விரலால் தடவினாள். துணி பார்க்கிற விரல்.

"இது மிஷின் வெட்டு இல்ல" என்றாள். "கத்தரி."

ஓர் அறை விடுவாள் என்று நினைத்தேன். பழைய அண்ணியாக இருந்தால் விட்டிருப்பாள். இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபம் வரப் பார்த்தது, பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"கோணலா வெட்டியிருக்க."

துணியைத் தவிர வேறெதிலும் பட விடாத தன் பெரிய கத்தரியை எடுத்தாள். அட்டையின் ஓரத்தை நேராக நறுக்கினாள். ஒரு வெள்ளை மாத்திரையைப் பிதுக்கித் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். நறுக்கி விழுந்த வெள்ளித்தாள் துண்டு மடியில் கிடக்க, மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.