தூண்டில் பாதையும் சாம்பல் சட்டியும்

அந்தத் தாள்கள் எங்களிடம் வந்தது கடலைப் பொட்டலங்களாகத்தான். வன்னியில் அது போர்க்காலம். எங்கள் ஊர் ஜெயபுரத்தில் தாளுக்குத் தட்டுப்பாடு. தவராசா அண்ணை தன் கடையில் சீனியையும் கடலையையும் பழைய பரீட்சைத் தாள்களில்தான் சுற்றிக் கொடுப்பார். ஒருமுறை எங்கிருந்தோ அவருக்கு வழுவழுப்பான வண்ணப் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. அதன் எழுத்து தமிழுமில்லை, சிங்களமுமில்லை, ஆங்கிலமுமில்லை. பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்து நெளிந்து தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடுகள். ஓரங்களில் சக்கரமே இல்லாத கார்கள் தெருவுக்கு ஒரு முழம் மேலே பறந்துகொண்டிருந்தன.

"இது வீடியோ கேம். மூவாயிரமாம் ஆண்டில நடக்கிற ரேஸ். இந்தக் கோடெல்லாம் ட்ராக்" என்றான் அண்ணன் ரூபன். அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பன்னிரண்டு. நாங்கள் இருவரும் வீடியோ கேமைக் கண்டதில்லை. வீட்டுக்குள் மின்விளக்கு எரிந்தே நான் பார்த்ததில்லை.

கடலை வாங்கி வாங்கி எட்டுத் தாள் சேர்ந்தது. எட்டுக்கும் பெயர் வைத்தோம். முதலை, அரிவாள், இரட்டைக் குளம் என்று போய், கடைசியானதும் கடினமானதும் தூண்டில். நீண்ட நேர்க்கோடு, அதன் முனையில் கொக்கிபோல ஒரு வளைவு. கொக்கிக்குள் கோடு முழுதாக இல்லை. புள்ளி புள்ளியாக இருந்தது. அது பாலம் என்றான் ரூபன். தண்ணீர் என்றார்கள் மற்றப் பெடியங்கள். முடிவாகவில்லை.

குளம் வற்றும் மாதங்களில் அதன் தரையில் இந்தக் கோடுகளைப் பெரிதாக்கி, அடுப்புச் சாம்பலால் போட்டோம். ரூபனும் நாலு பெடியங்களும் சைக்கிள் ஓடினார்கள். டியூப் கிடைக்காததால் இரண்டு சைக்கிளின் டயருக்குள் வைக்கோல்தான் இருந்தது. எனக்குச் சைக்கிள் இல்லை. என்னிடம் சாம்பல் சட்டி இருந்தது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தாளில் எந்த அடையாளமும் இல்லை. ரூபன் அதை யோசிக்கவேயில்லை.

"வலம்தான். கோயில் சுத்துற மாதிரி."

யாரும் மறுக்கவில்லை. சுற்றுவதென்றால் நடுவில் இருப்பது வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். மாறிச் சுற்றுவது செத்த வீட்டில்.

சைக்கிள்கள் அழிக்கும் கோட்டை ஓட்டம் நடக்கும்போதே நான் திரும்பப் போட வேண்டும். அவர்கள் போகும் திசையில் நடந்தால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான். இரண்டு தடவை விழுந்து எழும்பிய பிறகு, எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினேன். வருகிறவனைக் கண்டு ஒதுங்கலாம். குளத்தில் குளிக்க முடியாமல் கிணற்றுக்குப் போகும் அம்மா சில நாள் நின்று பார்ப்பா. மலைநாட்டிலிருந்து வந்த பேச்சு அவவிடம் மாறவேயில்லை.

"ஏ புள்ள, மாறிச் சுத்தாத. ஆகாது."

நான் நடந்துகொண்டே இருப்பேன். கால் ஒரு கணக்கு வைத்திருக்கும். எத்தனை எட்டு வைத்தால் வளைவு, எங்கே உடம்பைச் சாய்க்க வேண்டும், கொக்கிக்குள் ஒரு கிள்ளு சாம்பல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு கிள்ளு. ஏழாவது கிள்ளில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு வருடம் இப்படிப் போனது. யாராவது என்னை ஓடச் சொல்வார்கள் என்று சில நாள் நினைத்ததுண்டு. நானாகக் கேட்டதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் அம்மாவின் கண் ஒப்பரேசனுக்காக வன்னியை விட்டு வவுனியா போய்வர எங்களுக்கு அனுமதிப் பாஸ் கிடைத்தது. பத்து நாள். வவுனியாவில் ஒரு கடையில் சக்கரமில்லாத கார் ஓடும் கேம் இருப்பதாக யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். ரூபன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

"முதலாவதா வாறவன்ர பேர் அந்த மிசினிலயே நிக்குமாம். எங்கட பேரைப் போட்டிட்டு வாறன்."

"அது எங்கட ட்ராக் இல்லையெண்டா?" என்று ஒருவன் கேட்டான்.

ரூபன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "இல்லையெண்டா ரெண்டு வருசமா விசரர் மாதிரி குளத்துக்க சுத்தியிருக்கிறம்."

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் போனது. கடைசி நாள் காலையில்தான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடையைக் கண்டோம். பன்னிரண்டு மணிக்குப் பஸ். அன்றோடு பாஸும் முடிகிறது. கண்ணில் கட்டோடு அம்மா வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தா. "சீக்கிரம் வாங்க" என்றா.

உள்ளே இரண்டு தொலைக்காட்சிகள், ஒரு மின்விசிறி. கடைக்காரர் செல்வநாயகம் சாய்ந்திருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். அவனை நிரோஜன் என்று அவர் கூப்பிட்டார்.

"தூண்டில் போடுங்கோ" என்றான் ரூபன்.

"தூண்டிலோ? இது மீன் கடையில்லை, தம்பி" என்றான் நிரோஜன்.

ரூபன் சட்டைப் பையிலிருந்து தாளை விரித்தான். கடலை எண்ணெய் ஊறியிருந்த அந்தத் தாளைச் செல்வநாயகம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, இது எட்டாவது ட்ராக். எங்கையடா எடுத்தனீங்கள்? நிரோஜன்ர ரெக்கோட் நாலு மாசமா அதில நிக்குது. ஒரு சுற்று நாப்பத்தெட்டு செக்கன்."

எங்கள் தாள் உண்மை. ரூபன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"வன்னியில கரண்ட் இல்லையே. மண்ணெண்ணெயிலயோ கேம் ஓடினனீங்கள்?" என்று கேட்டபடி நிரோஜன் எழும்பி இடம்விட்டான்.

பஸ்ஸுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் என்று செல்வநாயகம் சும்மாவே விளையாட விட்டார். ஐந்து சுற்று ஓட வேண்டும், அதில் மிக விரைவான சுற்றுத்தான் கணக்கு. ரூபன் தொடங்கினான். நேர்ப்பாதை முடிந்ததும் வலப்பக்கம் திருப்பினான். கார் சுவரில் மோதி உடைந்தது. மறுபடி தொடங்கினான். மறுபடியும் வலம், மறுபடியும் சுவர். மூன்றாவது தடவையும் அதே சுவர்.

"இது எங்கட ட்ராக் இல்லை" என்றான். குரல் தாழ்ந்துவிட்டது.

"மெல்ல ஓடு தம்பி, சைக்கிள் பழகிற மாதிரி" என்று நிரோஜன் சிரித்தான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீமெந்துத் தரையில் அவை தாமாகவே சாய்ந்துகொண்டிருந்தன. ரூபன் மோதிய ஒவ்வொரு இடத்திலும் அவை இடப்பக்கம் சாய்ந்தன. ரூபனின் தோளைத் தொட்டுச் சொன்னேன்:

"அண்ணா, இது தூண்டில்தான். மாறிச் சுத்துது. நான் சாம்பல் போடுற பக்கம்."

அவன் எழும்பி எனக்கு இடம்விட்டான். பிறகு விளையாடும் கைப்பிடியை என் மடியில் வைத்தான். "நீ ஓடு."

முதல் சுற்றில் எந்தப் பொத்தான் எதற்கென்று பழகினேன். சுவரெல்லாம் உரசினேன். ஒரு நிமிடத்துக்கு மேல். நிரோஜன் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. இரண்டாவது சுற்றில் வளைவுகள் நான் எதிர்பார்த்த இடத்திலேயே வந்தன. முன்பே என்னைத் தெரிந்தவைபோல வந்தன. ஐம்பத்தைந்து. மூன்றாவதில் ஐம்பத்தொன்று. நாலாவதில் நாற்பத்தொன்பது. கடைக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

புள்ளிக் கோடு பாலமுமில்லை, தண்ணீருமில்லை. சுரங்கம். உள்ளே போனால் திரை முழுக்கக் கறுப்பு. நாலு சுற்றிலும் அங்கே நான் வேகத்தைக் குறைத்திருந்தேன்; எல்லோரும் குறைப்பார்களாம். ஐந்தாவது சுற்றில் நேர்ப்பாதை முடிந்து கொக்கி வந்தது.

"இருட்டு வருது, பிரேக் பிடி தங்கச்சி!" நிரோஜனே கத்தினான்.

பிடிக்கவில்லை. ஒரு கிள்ளு. இடைவெளி. ஒரு கிள்ளு. அந்தக் கறுப்பில் குளத்துத் தரை வெள்ளைப் புள்ளிகளாக எனக்கு முன்னால் கிடந்தது. ஏழாவது கிள்ளில் இடப்பக்கம் சாய்ந்தேன்.

வெளிச்சம்.

நாற்பத்தாறு.

ரூபன் போட்ட கூச்சலில் வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிரோஜன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "என்னெண்டு? இருட்டுக்குள்ள என்னெண்டு?" என்று கேட்டபடியே இருந்தான். பிறகு என் தலையில் கைவைத்து, "நாலு மாசம், தங்கச்சி. நாலு மாசம்" என்றான்.

மூன்று ஆங்கில எழுத்துப் போடச் சொல்லித் திரை கேட்டது.

"உன்ர பேரைப் போடு" என்றான் ரூபன்.

நான் ஜே, பி, எம் என்று போட்டேன்.

"இது ஆற்ற பேர்?" என்றார் செல்வநாயகம்.

"ஊர்" என்றேன்.

வாசலில் அம்மா எழும்பி நின்றா. "என்னா சத்தம்?"

"தனுஷா மாறிச் சுத்தி வெண்டிட்டாள், அம்மா!"

"மாறிச் சுத்துனாளா?" என்று அம்மா ஒற்றைக் கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தா. சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, ஒரு நாளைக்குக் குத்தமில்ல. பஸ்ல ஏறு."

பிரமனாளங்குளம் சோதனைச்சாவடியை நோக்கி பஸ் போய்க்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே காடு ஓடியது. இறங்குவதற்குச் சற்று முன்பு ரூபன் என் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு என்ர சைக்கிளை எடு. சாம்பல் நான் போடுறன்."

"எந்தப் பக்கமா நடப்பாய்?"

"வலம்தான்" என்றான். "எதிர நடந்தால்தானே நீ வாறது எனக்குத் தெரியும்."