யாக்கோப்பின் நித்திரை

மாரடைப்பு வந்து பிழைத்த நாள் முதல் யாக்கோப்புக்கு நித்திரை இல்லை. ஐந்து மாதம். முல்லைத்தீவுக் கரையில் ஒருவர் நித்திரை கொள்ளவில்லை என்றால் ஊரிடம் காரணம் தயாராக இருக்கும்: சண்டைக் காலத்து நினைவுகள். ஃபாதர் வந்து செபித்தார். உளவளத்துணைக்காரப் பிள்ளை கோப்பும் கையுமாக மூன்று தரம் வந்து, "மனசில இருக்கிறதைச் சொல்லுங்கோ ஐயா" என்றாள்.

"மனசில ஒண்டும் இல்லைப் பிள்ளை. கண்தான் மூடுதில்லை" என்றார் அவர். பாவம் மனுசன், ஒருவரும் நம்பவில்லை.

மனைவி ஞானமலரும் நம்பவில்லை. ஆனால் அவள் நினைத்த காரணம் வேறு. மாரடைப்பு வந்த அன்று பின்னேரம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தபோது, வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளிப்பூண்டும் அவித்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, விடியும்வரை வீட்டில் வைத்திருந்தவள் அவள்தான். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தன்னை நம்பிக் கண்ணை மூட அவர் பயப்படுகிறார் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். கேட்டுப் பார்க்கத்தான் துணிவு வரவில்லை.

இந்த மாதக் கிளினிக்குக்கு இருவரும் போனபோது அங்கே இருந்த டொக்டர் தயாளினி இளம் பெண், அவசரப்படாமல் கதைக்கிறவா.

"இது யோசனையால மட்டும் வந்ததெண்டு நினைக்காதேங்கோ ஐயா. இருட்டினா மூளைக்குள்ள ஒரு சின்னச் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். அதுதான் உடம்புக்கு இரவெண்டு சொல்லுறது. அந்தச் சுரப்பிக்குப் போற நரம்பும் இதயத்துக்குப் போற நரம்பும் கழுத்தில ஒரே இடத்தால போகுது. இதய வருத்தத்தில அந்த இடம் பழுதானா மெலடோனினும் குறையலாம். நீங்கள் போடுற குளிசை ஒண்டும் அதைக் குறைக்கக்கூடியது. அதை மாத்தலாமோ எண்டு பாப்பம்."

"அப்ப பயத்தில இல்லையோ டொக்டர்?" என்றாள் ஞானமலர்.

"என்ன பயம் அம்மா?"

அவ்வளவுதான். இஞ்சி, உள்ளி, விடியும்வரை காத்திருந்தது எல்லாவற்றையும் அழுதழுது சொல்லி முடித்தாள். "நான் பக்கத்தில கிடந்தா இவருக்கு எப்பிடிக் கண் மூடும்?"

யாக்கோப்பு நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மலர், அண்டைக்கு நோந்தது நெஞ்சுதான். வயிறெண்டு உனக்குப் பொய் சொன்னனான். களப்பில வலை போட்டா இறால் நல்லாப் படுற நேரம். நெஞ்செண்டா நீ தொழிலுக்கு விடமாட்டாய்."

ஞானமலருக்கு அழுகை நின்றது. ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?"

"வெக்கமாக் கிடந்தது. நீ கோவிப்பாய் எண்டு பயமும்."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டொக்டரின் பக்கம் திரும்பினாள்.

"குளிசையை மாத்துறதெண்டா மாத்துங்கோ டொக்டர். இந்த மனுசனோட சண்டை பிடிச்சு முடிக்க எனக்கு இன்னும் இருவது வருசமாவது வேணும்."